கம்பைலர் மாற்றம்: முதலில் ஐந்தொகை

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவர், சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட திறமூல நிரல் ஒன்றை இறக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதிக்கான ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்பை நிறுவி, 'மேக்' என்று தட்டுகிறார். சி கோப்புகள் வரிசையாகத் தேறிவிடுகின்றன. கருவியை எழுப்பிவிடும் சின்ன அசெம்பிளி கோப்பில் வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. 'சிஎஸ்ஆர்ஆர்' என்ற கட்டளை தெரியாதாம். அதற்கு 'ஸிசிஎஸ்ஆர்' நீட்சி தேவையாம். நிரலிலோ ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இது கற்பனை மாணவரின் கதை என்றாலும் பிழை உண்மையானது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதியின் 2017-ஆம் ஆண்டு விதிநூலில், கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைப் படித்து எழுதும் கட்டளைகள் அடிப்படைத் தொகுதிக்குள்ளேயே இருந்தன. 'ஃபென்ஸ்-ஐ' என்ற கட்டளையும் அங்கேதான் இருந்தது. 2019 விதிநூல் இவற்றைத் தனி நீட்சிகளாகப் பிரித்தது. அசெம்பிளர் அடங்கிய பைனியூட்டில்ஸ் தொகுப்பின் 2022 பிப்ரவரியில் வந்த 2.38 பதிப்பு அந்தப் புதிய விதிநூலை இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டது. மே மாதம் வெளியான ஜிசிசி 12-உம் அதே வழியில் போனது. மேக்ஃபைலில் கட்டமைப்பை 'ஆர்வி64ஐஎம்ஏசி' என்று மட்டும் எழுதிவைத்திருந்த திட்டங்கள் ஒரே நாளில் பழசாகிப் போயின.

சக்தி திட்டம் 2014 வாக்கில் பேராசிரியர் காமகோடியின் குழுவில் தொடங்கியது. 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் 'ரைஸ்கிரீக்' சில்லும், சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் 'ரிமோ' சில்லும் வார்க்கப்பட்டன. வடிவமைப்பு முழுவதும் திறமூலம். ஆனால் அந்த வடிவமைப்பு எழுதப்பட்ட புளூஸ்பெக் மொழியின் கம்பைலர் 2020 ஜனவரி வரை திறமூலமாக இல்லை. கதவைத் திறந்துவிட்டுச் சாவியை வேறொருவர் வைத்திருந்த நிலைதான். இன்று அந்தக் கம்பைலரும் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய மூலத்தோடு வெளியே கிடைக்கிறது; ஆகவே சக்தி வன்பொருளைத் தொடுகிறவர் ஜிசிசியை மட்டுமல்லாமல், இதன் பதிப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

என்ன இருக்கிறது என்று எழுதிவைப்பது

டூல்செயின் என்றதும் பலருக்குக் கம்பைலர் மட்டுமே நினைவுக்கு வரும். மேலே பார்த்த பிழையைக் கிளப்பியது கம்பைலர் அல்ல, அசெம்பிளர். எனவே முதல் வேலை நான்கையும் தனித்தனியாகக் குறிப்பது: ஜிசிசி எந்தப் பதிப்பு, அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பைனியூட்டில்ஸ் எது, சி நூலகம் நியூலிப்பா, ஜிலிப்சியா, எந்தப் பதிப்பு, பிழைதிருத்தியான ஜிடிபி எது. இவற்றோடு மேக்ஃபைலில் இருக்கும் ஃப்ளாக்குகளையும் அப்படியே நகலெடுத்துவைக்க வேண்டும். யாரோ எப்போதோ சேர்த்துவிட்டு, ஏன் சேர்த்தார் என்று எழுதாமல் போன ஃப்ளாக் ஒன்றாவது இருக்கும். கிட் வரலாற்றைத் தோண்டினால் காரணம் அகப்படும்.

பழைய கணக்கை ஒப்பிடுவது

நகரத்தார் கணக்குமுறையில் ஐந்தொகை ஒத்துவந்த பிறகுதான் புதுப் பேரேடு. இங்கேயும் அப்படித்தான். புதிய கம்பைலரை நிறுவுவதற்கு முன்பே, பழையதைக் கொண்டு திட்டத்தைச் சுத்தமாக ஒருமுறை கட்ட வேண்டும். சோதனைகள் எத்தனை தேறின, எத்தனை விழுந்தன, எச்சரிக்கைகள் என்னென்ன என்பதை ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கமிட்டுக்கு ஒரு டேக் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த சோதனையைப் பின்னால் புதிய கம்பைலர் தலையில் கட்டுவது எளிது. அந்தத் தவற்றைத் தவிர்க்கத்தான் இந்தக் கோப்பு.

சக்தி போன்ற செயலிகளுக்கான நிரலில் இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். 'சைஸ்' கருவி காட்டும் நிரல், தரவு அளவுகள். லிங்கர் தரும் மேப் கோப்பு. 'பினாகா' என்ற சக்தி வடிவம் ஆர்ட்டிக்ஸ்-7 35டி என்ற சிறிய எஃப்பிஜிஏ மேல் ஓடுவது. நினைவகத்தைத் தாராளமாகச் செலவிட இடமில்லாத இடம் அது. கம்பைலர் மாறி நிரல் கொஞ்சம் பருத்தால், கட்டுதல் வெற்றி என்று திரையில் வந்தாலும் பலகையில் ஏற்றும்போது இடம் போதாமல் போகலாம்.

பலகை கையில் இல்லாதவர்கள் ஸ்பைக் அல்லது கியூஎமு சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். அது பலகைக்கு முழு மாற்றல்ல. தொடக்க ஒப்பீட்டுக்குப் போதும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்

பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. இரண்டும் ஒரே கணினியில், 'ஆப்ட்' அடைவுக்குள் தனித்தனிப் பெயரில் இருக்கட்டும். அல்லது தனித்தனி டாக்கர் கன்டெய்னரில் இருக்கட்டும்.

ரிஸ்க்-ஃபைவ் டூல்செயினை மூலத்திலிருந்து கட்ட நினைப்பவர் முதலில் வட்டில் உள்ள இடத்தையும் இணையத் தரவு இருப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. இறக்கமே 6 ஜிபிக்கு மேல் போகும். கட்டுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படிப்பட்ட கணினியை இன்னும் வைத்திருப்பவர் இந்த வழியில் இறங்காமல், ஆயத்தமாகக் கிடைக்கும் 'எக்ஸ்பேக்' தொகுப்பையோ டெபியன் தொகுப்பையோ எடுத்துக்கொள்ளலாம். பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான்.

ஒரு நேரத்தில் ஒன்று

மூன்று பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும். குதித்தால் நூறு பிழைகள் ஒன்றாக வந்து விழும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. முதலில் பைனியூட்டில்ஸை மட்டும் மாற்றிக் கட்டிப் பார்ப்பது, பிறகு ஜிசிசியை ஒரு பெரிய பதிப்பு ஏற்றுவது, பிறகு நூலகம். ஒவ்வொரு படியிலும் சோதனை, ஒவ்வொரு படிக்கும் தனிக் கமிட். பின்னால் கோளாறு தெரிந்தால் 'கிட் பைசெக்ட்' சரியான இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

'எச்சரிக்கையெல்லாம் பிழை' என்று சொல்லும் 'டபிள்யூ-எரர்' ஃப்ளாக்கை இந்த வேலை முடியும்வரை அணைத்துவைக்கலாம். புதிய கம்பைலர் புதிய எச்சரிக்கைகளைக் கொண்டுவருவது இயல்பு. 2021 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்கு இந்த ஃப்ளாக்கை எல்லாருக்குமான இயல்பாக்கினார். பலருடைய கட்டுதல் உடைந்ததால் சில நாள்களிலேயே சோதனைக் கட்டுதல்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். மாற்ற வேலை முடிந்ததும், அணைத்துவைத்த ஃப்ளாக்கை மறக்காமல் திரும்பப் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இனி முதலில் பார்த்த பிழைக்கு வருவோம். அதற்கு இரண்டு தீர்வுகள். மேக்ஃபைலில் கட்டமைப்பைச் சொல்லும் வரியின் வாலில் 'ஸிசிஎஸ்ஆர்', 'ஸிஃபென்சிஐ' இரண்டையும் அடிக்கோட்டுக் குறியால் இணைத்துச் சேர்ப்பது ஒன்று. 2017-இன் பழைய 2.2 விதிநூலையே பின்பற்று என்று ஃப்ளாக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது அன்றைக்குத் தப்பிக்க உதவும், அவ்வளவே. முதலாவதே முறையானது, ஆனால் பழைய கம்பைலர்களுக்கு அந்த வால் புரியாது. லினக்ஸ் கெர்னலுக்கும் 2022 தொடக்கத்தில் இதே சிக்கல் வந்தது. இந்தக் கம்பைலருக்கு அந்த நீட்சிகள் தெரியுமா என்று மேக்ஃபைலே முதலில் கேட்டுப் பார்த்து, தெரிந்தால் மட்டும் சேர்க்கும்படி எழுதினார்கள். பழைய, புதிய டூல்செயின் இரண்டையும் ஆதரிக்க வேண்டிய எந்தத் திட்டமும் இதே உத்தியைக் கையாளலாம்.

பைனியூட்டில்ஸ் 2.39-க்குப் போனால் லிங்கர் வேறொன்றைச் சொல்லும்: படிக்க, எழுத, இயக்க மூன்று அனுமதியும் ஒரே பகுதிக்கு இருக்கிறதே என்று எச்சரிக்கும். இயங்குதளம் இல்லாமல் நேரே வன்பொருளில் ஓடும் நிரல்களின் லிங்கர் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வாயை அடைக்க ஃப்ளாக் இருக்கிறது. நிரலையும் தரவையும் ஸ்கிரிப்டில் பிரித்து எழுதுவது அரை நாள் வேலை. அதைச் செய்துவிடுவதே மேல்.

சி மொழியின் பழைய பழக்கங்கள்

ஜிசிசியின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 'இதற்கு மாறுவது எப்படி' என்ற தனி ஆவணம் உண்டு. படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. பலர் அதைத் திறப்பதே இல்லை.

2020-இல் வந்த ஜிசிசி 10, தலைப்புக் கோப்பில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் அறிவித்த மாறிகளை மன்னிப்பதை நிறுத்தியது. அந்தத் தலைப்பைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் அதே மாறி பிறந்து, லிங்கர் 'பல வரையறைகள்' என்று மறுக்கும். 2024-இல் ஜிசிசி 14 இன்னும் கண்டிப்பானது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது, முழு எண்ணைப் பாயின்டராகக் கொடுப்பது எல்லாம் அதுவரை எச்சரிக்கையாக இருந்தவை, இப்போது பிழை. 2025-இல் ஜிசிசி 15 சி23-ஐ இயல்பு மொழியாக்கிவிட்டது. 'பூல்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' மூன்றும் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டதால், அவற்றைச் சொந்தமாக வரையறுத்துக்கொண்ட பழைய தலைப்புகள் இடறும். வெறும் அடைப்புக்குறி போட்ட ஃபங்ஷன் அறிவிப்புக்கு இப்போது 'உள்ளீடே கிடையாது' என்று பொருள்.

இவற்றையெல்லாம் ஃப்ளாக் போட்டுப் பழைய நடத்தைக்கே திருப்பிவிடலாம். கைவசமில்லாத மூன்றாம் தரப்பு நூலகத்துக்கு அது சரி. சொந்த நிரலுக்கு அது சோம்பேறித்தனம்.

கட்டியது ஓடுகிறதா

பிழையே இல்லாமல் கட்டி முடித்த பிறகு வரும் கோளாறுகள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை. புதிய கம்பைலர் கூடுதலாக நிரலைச் செதுக்கும். காலதாமதத்துக்காக எழுதிய வெற்றுச் சுழற்சியைப் பயனற்றது என்று தூக்கிவிடும். குறுக்கீட்டில் மாறும் கொடிக்கு 'வாலட்டைல்' போடாமல் விட்டிருந்தால், நிரல் அதை ஒரே ஒருமுறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் தானே எழுதிய 'மெம்செட்' சுழற்சியை, 'இது மெம்செட்தானே' என்று அடையாளம் கண்டு மெம்செட் அழைப்பாக மாற்றிவிடும். அந்த ஃபங்ஷன் தன்னைத் தானே அழைத்துக்கொண்டு அடுக்கு நிரம்பிக் கருவி சாயும். இந்த உருமாற்றத்தை நிறுத்தத் தனி ஃப்ளாக் உண்டு. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் போட்டால் போதும்.

கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். செதுக்கல் இல்லாத 'ஓ-0' நிலையில் ஓடி, செதுக்கல் கூடிய 'ஓ-2' நிலையில் விழுந்தால், கோப்புகளைப் பாதிப் பாதியாக 'ஓ-0' நிலைக்கு மாற்றி, குற்றவாளிக் கோப்புவரை போக வேண்டும். வன்பொருளைத் தொடாத பகுதிகளைச் சாதாரண மடிக்கணினியிலேயே சானிடைசர்களோடு ஓட்டிப் பார்த்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும். கம்பைலரே தவறு என்ற முடிவுக்கு அதன் பிறகுதான் வரலாம். அபூர்வமாக அதுவும் உண்மையாக இருக்கும். அப்போது கோளாறைக் காட்டும் இருபது வரி நிரலாகச் சுருக்கி ஜிசிசியின் பிழைப் பதிவேட்டில் போடுவது பயன்படுத்துகிறவரின் பங்கு.

திட்டத்துக்கு அனுப்புவது

நிரல் திருத்தங்களை முதலில் அனுப்ப வேண்டும். அவை பழைய கம்பைலரிலும் ஓட வேண்டும், அப்போதுதான் பராமரிப்பாளர் தயங்காமல் ஏற்பார். இயல்புக் கம்பைலரை மாற்றும் கமிட் கடைசியில் வரட்டும். தானியங்கிச் சோதனையில் பழையது, புதியது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். குறைந்தபட்சப் பதிப்பு எது என்பதை ரீட்மீயில் எண்ணோடு எழுத வேண்டும். 'புதிய ஜிசிசி தேவை' என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. கெர்னல்கூட இதில் அவசரப்படவில்லை. 2020-இல் 4.9, 2021-இல் 5.1 என்று குறைந்தபட்ச ஜிசிசியை ஏற்றி, அதன் பிறகே 2022-இல் கெர்னலின் 5.18 பதிப்பில் சி89-ஐ விட்டு சி11-க்கு வந்தார்கள்.

சி++ நூலகம் வெளியிடுகிற திட்டமென்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. 2015-இல் ஜிசிசி 5 ஸ்ட்ரிங், லிஸ்ட் வகைகளின் உள்ளமைப்பை மாற்றியது. அந்த வகைகளை இடைமுகத்தில் வைத்துப் பழைய முறையில் கட்டிய நூலகமும் புதிய முறையில் கட்டிய நிரலும் லிங்க் ஆகாது. அந்த எல்லையைத் தாண்டும் மாற்றமென்றால், பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் மறுபடி கட்ட வேண்டும் என்பதை வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய கன்டெய்னரையும் அடுத்த இரண்டு வெளியீடுகள்வரை அழிக்காமல் வைத்திருக்கலாம்.