ஹைபிரிட்டா, ரோடு பைக்கா?

சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. அதை நம்பி வாங்கிய நல்ல சைக்கிள்கள் எத்தனையோ அடுக்குமாடிப் படிக்கட்டுகளின் அடியில் தூசி படிந்து நிற்கின்றன. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நேரான ஹேண்டில்பாரும் சற்று அகலமான டயரும் கொண்டது ஹைபிரிட்; வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்டது ரோடு பைக்.

"ரோடு பைக் வாங்கினாலே வேகம் கூடிவிடும்."

பாதிதான் உண்மை. சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது நம் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் அது குறைகிறது. ரோடு பைக்கின் வேகம் பெரும்பாலும் அங்கிருந்துதான். வேகம் இரட்டித்தால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே சிக்னலுக்குச் சிக்னல் நின்று 15 கி.மீ. வேகத்தில் ஆபீஸ் போகிறவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை எதிர்காற்றில் மிதிப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

"டயர் ஒல்லியாக இருந்தால்தான் வேகம்."

பந்தய வீரர்களே கைவிட்ட நம்பிக்கை இது. 23 மி.மீ. டயரில் ஓடியவர்கள் 25-க்கு வந்து, இன்று 28-ஐயும் தாண்டிவிட்டார்கள். கரடுமுரடான சாலையில் ஒல்லி டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுகிறது. அந்தத் துள்ளலில் மிதித்த சக்தி வீணாகிறது. ஹைபிரிட்டில் பொதுவாக 35 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். வேகம் போதவில்லை என்பவர்கள் முதலில் 32 மி.மீ. வழுவழு டயர் மாற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான ஹைபிரிட்டுகளிலும் ரோடு பைக் போலவே 700சி அளவு ரிம்தான். அதன் அகலத்துக்கு அந்த டயர் பொருந்துமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நம் ஊர் ரோட்டுக்கு ரோடு பைக் ஆகாது."

ஆகும். சங்கடம் பஞ்சர் கடையில்தான். ரோடு பைக் ட்யூபில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு இருக்கும். மெலிந்த குழாய், நுனியில் ஒரு சின்னத் திருகு. அதைத் தளர்த்தி, விரலால் ஒருமுறை அழுத்தி, 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வெளியேறிய பிறகே பம்பை மாட்ட வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரின் வாய் மோட்டார் சைக்கிள், கார்களின் தடித்த வால்வுக்கானது, இதில் உட்காராது. விரல்நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் கவலையில்லை. காற்று குறைவாக ஓட்டினால் பள்ளத்தில் ரிம் இடித்து, ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். காற்றைக் கவனிக்காதவர் ரோடு பைக் வாங்க வேண்டாம்.

"ஹைபிரிட் சொகுசு, ரோடு பைக் முதுகுவலி."

வலி பெரும்பாலும் தவறான அளவால் வருகிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் எந்த சைக்கிளிலும் மூட்டு வலிக்கும். நேரான ஹேண்டில்பாரில் கை வைக்க ஒரே இடம்தான் என்பதால், மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். வளைந்ததில் மூன்று இடங்கள் உண்டு. அதற்காக ஹைபிரிட்டில் தொலைதூரம் முடியாது என்று நினைக்க வேண்டாம். குறித்த நேரத்துக்குள் முடிக்கும் தொலைதூர சைக்கிள் பயணமான பிரெவேயில் 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எந்த சைக்கிள் என்று விதி கேட்பதில்லை.

"ஹைபிரிட் வாங்கி, பிறகு வளைந்த ஹேண்டில்பார் மாட்டிக்கொள்ளலாம்."

செய்யாதீர்கள். பிரேக் லீவர், கியர் ஷிஃப்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அதன் பிறகும் கை எட்டாது. ஹைபிரிட்டின் ஃப்ரேம் நேரான ஹேண்டில்பாருக்காக நீளமாக அமைந்தது.

தினசரி ஆபீஸ், கடைத்தெரு, கேரியர், மட்கார்டு என்றால் ஹைபிரிட். வாரம் தவறாமல் 50 கி.மீ.க்கு மேல் ஓட்டுகிறவர் என்றால் ரோடு பைக். உங்கள் அளவு கடையில் இல்லையென்றால் அது வரும்வரை காத்திருங்கள். இருப்பதை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.