பழைய லேப்டாப்பில் ஒரு வீட்டு சர்வர்



சென்ற மாதம் ஒரு தாய் நம் அலுவலகத்திற்கு வந்தார். அத்தா வெளிநாட்டில் இருக்கிறார். ப்ளஸ் ஒன் படிக்கும் மகன், நண்பர்களோடு மைன்கிராஃப்ட் விளையாட சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டுமென்று மாதம் 600 ரூபாய் கேட்கிறானாம். கொடுக்கலாமா, கூடாதா என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. "வீட்டில் பழைய லேப்டாப் ஏதும் கிடக்கிறதாம்மா?" என்று கேட்டேன். மூத்த மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் இருப்பதாகச் சொன்னார்.

அந்த லேப்டாப்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தவை அவை. நம் ஒன்றியத்திலும் பல வீடுகளில் இன்று அவை தூசி படிந்து கிடக்கின்றன. முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, நானும்தான்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் இரும்பு அலமாரியும் நினைவுக்கு வரும். உண்மையில் கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை சர்வரை ஓட்டியது, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் அவர் மேசைமேல் இருந்த ஒரே ஒரு நெக்ஸ்ட் கணினியில். யாரும் அணைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். நம் வீடுகளிலும் அந்தச் சீட்டு தேவைப்படும்; பெருக்க வருபவர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

மேசைக் கணினியை விட லேப்டாப் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் மின்கட்டணம். மூடிவைத்த பழைய லேப்டாப் சுமார் 15 வாட் எடுக்கும். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்திற்கு 22 யூனிட்டுக்குள். பழைய மேசைக் கணினி 80 வாட் என்று வைத்தால் அதே இரண்டு மாதத்தில் 115 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். சும்மா கிடைத்தது என்று மேசைக் கணினியை ஓட்டுகிறவர் கரண்ட் பில்லில் விலை கொடுக்கிறார். லேப்டாப்பின் பேட்டரி, கரண்ட் போகும் நேரத்தில் தாங்கும் என்பது கூடுதல் லாபம். ஆனால் ரவுட்டருக்கு பேட்டரி இல்லை. அதற்குத் தனியாகச் சிறிய யுபிஎஸ் வேண்டும்.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். 2 ஜிபி ராம் இருந்தது. திருச்சியில் பழைய 4 ஜிபி ராம் ஒன்று வாங்கி மாற்றினோம். ரவுட்டர் யுபிஎஸ்ஸும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. ஆண்டு வாடகை 7,200 ரூபாய் வந்திருக்கும்.

டெபியன் லினக்ஸை இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி நிறுவினோம். பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். நிறுவும்போது திரைக் காட்சி வசதியை விட்டுவிட வேண்டும். பாதி நினைவகம் மிச்சமாகும். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்பில் மாற்ற வேண்டும். ரவுட்டரில் இந்தக் கணினிக்கு 192.168.1.10 போல மாறாத முகவரி ஒன்று ஒதுக்க வேண்டும். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

விளையாட்டைப் பொறுத்தவரை, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் சர்வர் மென்பொருள் இலவசம், ஆனால் விளையாடும் ஒவ்வொருவரும் விளையாட்டை விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். திருட்டுப் பிரதி கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அதேபோலக் கட்டி விளையாடும் லுவாண்டி முழுக்க இலவசம். முன்பு மைன்டெஸ்ட் என்றிருந்தது. டெபியனிலேயே கிடைக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், நினைவகமும் குறைவாகவே கேட்கும். வீட்டு ரவுட்டருக்குள் விளையாட இணையமே தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது. முகம் தெரியாதவன் எவனும் உள்ளே வர முடியாது. காசு வைத்து ஆடும் ஆப்கள் பக்கம் போய்க் கடன்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். திண்ணையில் நாலு பேர் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டத்தை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இஷாவுக்குப் பிறகு தானே அணையும்படி நேரமும் வைத்துவிட்டோம்.

வலைப்பக்கம் வைப்பதில்தான் சிக்கல். என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் பக்கங்களைக் கொடுத்துவிடும். ஆனால் வெளியூர்க்காரர் நம் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்? இணைய முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. கதவு எண் இல்லாமல் தெருப் பெயரை மட்டும் கொடுத்த மாதிரி. நிலையான முகவரி கேட்டு வாங்கலாம், பணம் கூடும். அல்லது கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற வசதி உண்டு: நம் கணினியே வெளியே போய் இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும், ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை. அதற்குச் சொந்த டொமைன் பெயர் வேண்டும், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். நம் டிரஸ்ட்டின் கல்வி உதவி விண்ணப்பப் பக்கம் மூன்று ஆண்டுகள் வாடகை இடத்தில் இருந்தது. புதுப்பிக்கும் தேதியை நான் மறந்தேன். பக்கம் போயிற்று, பழைய விண்ணப்பங்களும் போயின. பிரதி எடுத்து வைக்கவில்லை. அந்த ஆண்டு எழுபது குடும்பங்களை மறுபடி சான்றிதழ் கொண்டுவரச் சொன்னேன். வருமானச் சான்றுக்கு மறுபடி அலைந்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; அதுதான் அதிகம் வலித்தது.

அதனால் இப்போது வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுக்கிறோம், அந்த டிஸ்க் வேறொரு வீட்டில் இருக்கும். டிரஸ்ட்டின் அறிவிப்புகள், மதரஸா நேர அட்டவணை, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றை வீட்டு சர்வரில் வைக்கலாம். ஜகாத் பெறுவோர் பட்டியலும், நிரப்பிய விண்ணப்பங்களும் அதில் ஏறாது. இரண்டு நாள் பக்கம் வராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு விதவையின் பெயர் வெளியே போனால் திருப்பி எடுக்க முடியாது. பிள்ளைகள் விளையாடும் கணினி வேறு, அமானிதம் இருக்கும் கணினி வேறு.

ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன், அந்தத் தம்பியும் வருகிறான். பழைய லேப்டாப்பைச் சார்ஜரோடு கொண்டுவாருங்கள். அடிப்பாகம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். அது பேட்டரி வீங்கியிருப்பதன் அடையாளம். அப்படியே கொண்டுவந்தால் கழற்றுவதற்கு ஆள் இருக்கிறது.