வீட்டுத் தோட்டத்தில் தண்ணி நிற்கும் சிறு குளம்

தை பிறந்து பங்குனி முடியும் வரை பல தோட்டங்களில் பீலித் தண்ணி நூலாகத்தான் ஒழுகும். குடிக்கவே போதாத நேரத்தில் லயத்துக்குப் பின்னால் போட்ட கோவா, பீன்ஸ் பாத்திக்கு எதை ஊற்றுவது? ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைக்க ஒரு சிறு குளம் போதும். அதை ஒழுகாமல் அமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

1. இடம்

லயத்துக்கு மேலே சரிவிலோ, மண்மேட்டின் விளிம்பிலோ ஒருநாளும் வெட்ட வேண்டாம். தண்ணி ஊறிய மண் பாரம் கூடி நழுவும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயம் என்று அடையாளம் காட்டிய இடமானால் குளமே வேண்டாம். பீப்பாயில் பிடித்து வையுங்க. மற்ற இடங்களிலும் தோட்ட நிருவாகத்திடம் கேட்டுவிட்டே மண்வெட்டியை எடுக்க வேணும். மலசலகூடக் குழிக்குக் கீழ்ப்பக்கமும் ஆகாது.

2. அளவு

மேலே 6 அடி நீளம், 4 அடி அகலம். ஆழம் 2 அடி. பக்கங்களைச் சரிவாக வெட்டி, அடியில் 4 அடிக்கு 2 அடி வையுங்க. நேராக வெட்டினால் கரை இடிந்து விழும். இதில் 800 லீற்றருக்கு மேல் நிற்கும். நாளுக்கு 4 வாளி இறைத்தாலும் 2 கிழமைக்கு மேல் தாங்கும்.

3. ஒழுகாமல் செய்தல்

ஈர மண்ணைப் பென்சில் போல உருட்டி வளையமாக வளைத்துப் பாருங்க. வெடிக்காவிட்டால் நல்ல களிமண். குளத்தைச் சுற்றிலும் அரை அடி கூடுதலாக வெட்டி, வேரையும் கல்லையும் பொறுக்கிவிட்டு, களிமண்ணை ஈரமாகப் பரப்பிக் காலால் நன்றாக மிதிக்க வேணும். காய விட்டால் வெடிக்கும். உடனே தண்ணி விடுங்க.

களிமண் கிடைக்காத இடத்தில் 12 அடிக்கு 10 அடி தடித்த பொலித்தீன் வேணும். அதற்கு அடியில் பழைய உரச்சாக்கை விரியுங்க. வெயில் பட்டால் பொலித்தீன் உக்கிப்போகும். விளிம்பைப் புல்தரையால் மூடுங்க. நிரம்பி வழியும் தண்ணி கானுக்குப் போக ஒரு வாய்க்காலும் வெட்ட வேணும்.

4. சோதனை

குளத்தில் ஒரு குச்சியை நட்டு, தண்ணி நிற்கும் மட்டத்தில் அடையாளம் போடுங்க. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணியும் வையுங்க. மறுநாள் இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது வெயில் குடித்தது. குளத்தில் மட்டும் கூடக் குறைந்தால் ஒழுக்கு. இறங்கிய தண்ணி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கேதான் ஓட்டையைத் தேட வேணும்.

5. பிள்ளைகளும் நுளம்பும்

ஒரு அடித் தண்ணியே தவழும் பிள்ளைக்கு எமன். தாய்மார் கொழுந்துக்குப் போகிற நேரத்தில் யார் பார்ப்பது? வேலியும், மூங்கில் தட்டி மூடியும் போட்ட பிறகே தண்ணி விடுங்க. தட்டிக்கு மேல் நுளம்பு வலையை இறுக்கிக் கட்டினால் நுளம்பு முட்டையிடாது.

இந்தத் தண்ணி பாத்திக்கு மட்டுந்தான், குடிக்க அல்ல. அடுத்த மழைக்கு முன் நாலு வீட்டார் கூடி ஒரு குளம் வெட்டிப் பாருங்க. தையில் கீரை பறிக்கலாம்.