சகோதரர் தோட்டம்

கள்ளக்குறிச்சிப் பகுதியினராகிய நமக்கு டேனிஷ் மிஷன் என்றவுடன் திருக்கோவிலூர் மருத்துவமனையே நினைவுக்கு வரும். அதற்கு நெடுங்காலம் முன்னரே, டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு அணித்தே ஒரு கிறிஸ்தவக் குடியேற்றம் தோன்றி, நாற்பதாண்டுகளுக்குச் சற்று மேல் நின்று, பின் கைவிடப்பட்டது. சகோதரர் தோட்டம் என்பது அதன் பெயர்.

1722இல் மொராவியாவினின்று வந்த அகதிகள் ஜெர்மானிய நாட்டில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்தனர். அச்சபையார் 1760இல் தரங்கம்பாடியை அடைந்து, உழவும் கைத்தொழிலும் செய்து தம் செலவைத் தாமே தேடி வாழ்ந்தனர். முன்னரே அங்கு ஊழியஞ் செய்த ஹாலே மிஷனெரிமார் இவர்களை வரவேற்றிலர். ஒரே வேதத்தை ஓதுவோரிடை இப்பிணக்கு நேர்ந்தது இரங்கத்தக்கதே.

ஆயினும் தோட்டம் அழிந்ததற்கு அஃதன்று முதற் காரணம் என யாம் கருதுகின்றோம். இவர்கள் நாடி வந்த இடம் நிக்கோபார்த் தீவுகள். தோட்டமோ வழித்தங்கல் போன்றது. 1768இல் நங்கவுரித் தீவிற் குடியேறினர். காடு வெட்டினர், வீடு கட்டினர். காய்ச்சல் ஒருவர்பின் ஒருவராய் வாரிக்கொண்டது. பதினொருவர் அத்தீவிலேயே மாண்டனர். தரங்கம்பாடிக்கு மீண்டபின் இறந்தோர் பதின்மூவர். அங்கே ஏழாண்டு வாழ்ந்த ஹென்சல் என்பார் பிற்காலத்தில் இதனைக் கடிதங்களாக எழுதிவைத்தார். மலேரியாவைக் கொசு பரப்புவதென்பதை ரொனால்டு ராஸ் இந்திய மண்ணிற் கண்டறிந்தது 1897இல்தான்; அவர்கள் தம் பகைவன் யாரென்றே அறியாது போரிட்டனர்.

1787இல் தீவை விட்டனர். நாடிய தீவு கைவிட்டுப் போனபின் தோட்டத்திற்கு வேலை ஏது? புதிதாய் வருவோரும் அருகினர். 1803இல் அதுவும் முடிந்தது.