புத்தகம் இல்லாத வண்டி



கோவை–சத்தியமங்கலம் சாலையும் மேட்டுப்பாளையம்–அவிநாசி சாலையும் சந்திக்கும் ஊர் அன்னூர். இந்த வட்டாரத்தில் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் காய்கறி மூட்டை கொண்டு போகிறவருக்கும், விடியற்காலை மில் வேலைக்குப் போகிறவருக்கும் ஒரு மொபெட் என்பது ஆடம்பரம் அன்று, பிழைப்பு. புது வண்டிக்கு வசதியில்லாதவர் பழைய வண்டி தேடுவது இயல்பே.

அத்தகைய சகோதரர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஒரு வண்டி பாதி விலைக்கு வருதுங்க. ஓட்டிப் பார்த்தேன், நல்லா இருக்குது. ஆர்.சி. புக் மட்டும் இல்லீங்களாம். காசு கொடுத்துத்தானே வாங்குறோம், கூடுமுங்களா?" என்று கேட்டார்.

பலருக்கும் வரக்கூடிய கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். புத்தகம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு வியாபாரம் ஹராமாகி விடுவதில்லை. உரிமையுள்ளவர் மனமொப்பி விற்க, மற்றவர் மனமொப்பி வாங்கினால் ஷரீஅத்தில் வியாபாரம் நிறைவேறிவிடும். ஆனால் "உரிமையுள்ளவர்" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. காசு கொடுப்பதால் மட்டும் ஒரு பொருள் நமக்கு ஹலாலாகி விடாது. விற்பவருக்கு அதை விற்கும் அதிகாரம் இருக்க வேண்டும்.

பிறர் பொருளை அவருடைய அனுமதியின்றி ஒருவர் விற்றால், அந்த வியாபாரம் உரிமையாளரின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அது செல்லவே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட சொல். இரு மத்ஹபுகளின்படியும், உரிமையாளர் சம்மதிக்காத வரை அப்பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாவதில்லை. இதை நினைவில் இருத்திக்கொண்டு, புத்தகம் இல்லாமல் ஒரு வண்டி விலைக்கு வருவதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, அது திருட்டு வண்டியாக இருக்கலாம். தன் பொருளை மற்றொருவரிடம் காண்பவரே அதற்கு அதிக உரிமையுடையவர்; வாங்கியவர் தமக்கு விற்றவரைத் தேடிப் பிடிக்கட்டும் என்ற கருத்தில் ஸமுரா (ரலி) அவர்கள் வழியாக ஹதீஸ் வந்துள்ளது. நாட்டுச் சட்டமும் அப்படியே. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்குவது குற்றம். காரணமில்லாமல் பாதி விலை என்பதே சந்தேகத்திற்கு ஒரு காரணம் அல்லவா?

இரண்டு, கடன் பாக்கி இருக்கலாம். தவணை முடியாத வண்டியின் பதிவில் கடன் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். அவருடைய உரிமையை மறைத்து விற்பது மோசடி. கடன் தீர்ந்ததற்கு 35ஆம் படிவத்தில் அவர் கையெழுத்திட்ட பிறகே அந்தப் பதிவு நீங்கும்.

மூன்று, பதிவு பெற்றவர் மரணித்திருக்கலாம். நான்கு, புத்தகம் மெய்யாகவே தொலைந்திருக்கலாம். அப்படியானால் காவல் நிலையத்தில் சான்று பெற்று, 26ஆம் படிவத்தில் விண்ணப்பித்து, மறுபிரதி வாங்கலாம். இது விற்பவர் செய்ய வேண்டிய வேலை. "தொலைந்து போச்சு" என்று சொல்கிறவர் மறுபிரதி வாங்க மட்டும் மறுத்தால், அந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

"நம்பிக்கையுள்ள மனிதரிடம் பத்திரம் கேட்பது மரியாதையா?" என்று சிலர் தயங்குவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசியிடம் குதிரை வாங்கினார்கள். விலையைக் கொடுப்பதற்குள் மற்றவர்கள் கூடுதல் விலை பேசவே, அவர் தாம் விற்கவே இல்லை என்று சொல்லி, சாட்சி கொண்டுவரும்படி கேட்டார். குஸைமா (ரலி) அவர்கள் முன்வந்து சாட்சி கூறினார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் காணப்படும் நிகழ்ச்சி இது. உண்மையே உருவான நபியவர்களிடமே ஒரு வாகன வியாபாரத்தில் சாட்சி கேட்கப்பட்டிருக்க, நம்மிடம் கேட்பதில் என்ன குறைவு? கடனை எழுதிக் கொள்ளும்படி ஏவும் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், வியாபாரம் செய்யும்போது சாட்சி வைத்துக் கொள்ளும்படியும் கூறுகிறது.

பெயர் மாற்றாமல் ஓட்டுவதில் விற்றவருக்கும் தீங்குண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் 29ஆம் படிவத்திலும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் 30ஆம் படிவத்திலும் தெரிவிக்க வேண்டும். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈட்டிற்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நாம் ஓட்ட, வேறொருவர் சுமை சுமப்பதா?

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, "வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்" என்று சகோதரரை அனுப்பினோம். அவர் கேட்டு வந்தார். வண்டி விற்பவரின் தந்தை பெயரில் இருந்தது. தந்தை மவுத்தாகிவிட்டார். தாயும் இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். பாட்டனார், பாட்டியார் இல்லை. திருடனுமில்லை, மோசடிக்காரருமில்லை. "அப்பா வண்டி, நான் ஒரே பையன்" என்ற எண்ணம்தான்.

பாகப்பிரிவினைச் சட்டப்படி கணக்கிட்டுப் பாருங்கள். கடனும் வஸிய்யத்தும் போக, தாய்க்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அப்படியானால் அந்த வண்டியில் மகனுக்குச் சேர வேண்டியது பதினாறில் ஏழு பங்கு, பாதிகூட இல்லை! மீதி தாயின், சகோதரிகளின் சொத்து. அவர்கள் அறியாமல் வாங்கியிருந்தால் நம் சகோதரர் அவர்களுடைய பங்கின் மீது ஏறி உட்கார்ந்து அல்லவா சந்தைக்குப் போயிருப்பார்?

வாரிசுகள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்திட்டனர். 31ஆம் படிவத்தின் வழியாக வண்டி மகன் பெயருக்கு மாறி, பிறகு நம் சகோதரர் பெயருக்கு வந்தது. விலை கூடியது, நாளும் பிடித்தது. ஆனால் மூன்று பெண்களின் பங்கு அவரவர் கைக்குச் சென்றது.

ஏற்கெனவே புத்தகமில்லாமல் வாங்கிவிட்டவர்கள், அதை மறைத்து இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாம். சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி உரியவரை அறியுங்கள். அவரோ அவர் வாரிசுகளோ சம்மதித்தால் பெயர் மாற்றுங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். நஷ்டம் வரலாம், பிறர் ஹக்கைச் சுமந்துகொண்டு மறுமைக்குப் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதைத் தேடிச் செல்ல ஹலாலான வாகனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.