வாக்காளர் பட்டியலும் குடியுரிமைச் சான்றும்

(குடிமையியல் பகுதி)

+2 படிக்கும் பலருக்கு 18 வயது நிறையப் போகிறது. "ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்க்கணும், நாம இந்தியர்தான்னு எதை வச்சு சார் காட்டுறது?" என்று கேட்கிறார்கள். "ஆதார் இருந்தா போதும்ல?" என்பது அடுத்த கேள்வி. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது. அதற்காக யாரும் பயப்படவும் வேண்டியதில்லை. விவரத்தைப் பார்ப்போம்.

அரசியலமைப்பின் 326-வது பிரிவு, வாக்காளராக இருக்க இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. (1989 மார்ச் வரை இது 21 வயது. பரீட்சையில் 61-வது திருத்தம் என்று கேட்பார்கள்.) 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-வது பிரிவும் குடிமகன் அல்லாதவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது என்கிறது.

ஆனால் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ வாங்கிப் பாருங்கள். வயதுக்குச் சான்று கேட்கும், முகவரிக்குச் சான்று கேட்கும். குடியுரிமைக்கு? "நான் இந்தியக் குடிமகன்" என்று நீங்களே உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தே பொய் எழுதினால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சந்தேகம் வந்தால் பதிவு அலுவலர் விசாரிக்கலாம். ஆதார் சட்டத்தின் 9-வது பிரிவோ, ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று நேராகவே சொல்லிவிட்டது. ஆதார் ஆளை அடையாளம் காட்டும், நாட்டைக் காட்டாது.

அப்படியானால் குடியுரிமை எங்கிருந்து வருகிறது? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்திருந்தால், பிறந்ததே போதும். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை என்றால், பிறந்த நேரத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு இருவருமே குடிமக்களாக, அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

நீங்கள் 2008-ல் பிறந்தவர் என்று வையுங்கள். உங்கள் பிறப்புச் சான்று மட்டும் கேள்விக்குப் பதில் சொல்லாது, அப்பா அம்மா காகிதமும் வேண்டும். அவர்கள் 1985-ல் மேலூர் பக்கம் பிறந்தவர்கள் என்றால், அங்கே பிறந்ததே போதும். ஆக உங்கள் குடியுரிமையின் ஆதாரம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது!

பெற்றோர் காகிதத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஜனங்களிடமே ஒரு கதை உண்டு. நம் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனையோ குடும்பங்கள். 1931 முதல் அங்கே வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது, தோட்டத் தமிழரில் ஏராளமானோர் ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே, 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. "நீ இங்கே பிறந்தாயா?" என்பதோடு அது நிற்கவில்லை. "உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா?" என்று கேட்டது. லயன் வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்துச் செத்துப்போன கிழவருக்குப் பிறப்புச் சர்டிபிகேட் யார் எழுதி வைத்தார்கள்? 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்கள் அல்லாதார் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட ஜெயிக்க முடியவில்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் ஜெயித்து உள்ளே போனது 1977-ல்தான்.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதி. ஆட்டுமந்தையைக்கூட அப்படிப் பிரிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல் வந்தது.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். திருவாதவூர் என்றதும் மாணிக்கவாசகர் நினைவுக்கு வருவார். அங்கே இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. (2021 முதல் அரசு இவற்றை மறுவாழ்வு முகாம் என்கிறது.) இத்தகைய முகாம்களில் பிறந்த பிள்ளைகள் நம்மைப் போலவே பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓட்டு மட்டும் கிடையாது. இந்த இடத்தில்தான் மேலே சொன்ன தேதிக் கணக்கு உயிருள்ளதாகிறது. 1986-ல் மண்டபம் முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண், பின்னர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தார். பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. அதாவது, நாம் மதுரை பஸ்ஸில் போகும்போது ஒத்தக்கடை பக்கம் பார்க்கிற அதே பெரிய கட்டடம்! 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதன்பின் வாக்காளர் அட்டையும் வாங்கி, 2024 ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டார். அவருக்குக் கைகொடுத்தது ஒரு பிறப்புச் சான்று. அதே முகாமில், அதே போன்ற பெற்றோருக்கு, இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தங்கைக்கு அந்தச் சான்று உதவாது. 2019 திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைத்தான் சொல்கிறது, இலங்கையைச் சொல்லவில்லை. இது சரியா என்று நீங்களே வகுப்பில் விவாதம் வைக்கலாம்.

ஏற்கெனவே பட்டியலில் பெயர் உள்ளவரைச் சந்தேகப்பட்டால்? 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அன்றே சரிபார்த்துத்தான் சேர்த்திருப்பார்கள் என்று கொள்ள வேண்டும். காரணத்தைச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் காட்டும் ஆதாரத்தைப் பார்க்க வேண்டும். போலீஸ் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பேரை அடிக்கக் கூடாது.

2025 நவம்பரில் வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சிறப்புத் தீவிரத் திருத்தம், சுருக்கமாக எஸ்.ஐ.ஆர். தமிழ்நாட்டில் 2002, 2005 பட்டியல்களில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டச் சொன்னார்கள். நம் தாய்மார்கள் பாடுதான் பெரும்பாடு. நத்தத்திலிருந்தோ சிங்கம்புணரியிலிருந்தோ வாக்கப்பட்டு வந்தவர், பிறந்த ஊரின் பழைய பட்டியலைத் தேட வேண்டியிருந்தது. 2008 மறுசீரமைப்பில் சமயநல்லூர் போன்ற தொகுதிகளே இல்லாமல் போனதால் தேடுவது இன்னும் சிரமம். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலத்தில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இடம் மாறியவர், இறந்தவர், இரட்டைப் பதிவு என்றுதான் பெரும்பாலும் காரணம் சொன்னார்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே சுமார் 28 லட்சம் பெண்கள் பெயர் விடுபட்டது. "இன்னார் மனைவி" என்று மட்டும் சொல்லி, சொந்தப் பேரைச் சொல்லாததால்!

அந்தத் திருத்தத்தில் ஏற்ற சான்றுகளில் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் மட்டுமல்ல, உங்க பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் இருந்தன. ரேஷன் கார்டு இல்லை. ஆகவே மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணி பீரோவில் வைத்துவிட்டால் ஆகாது. அதில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒன்றில் "மு. செல்வி", இன்னொன்றில் "செல்வி முத்தையா" என்றிருந்தால் பின்னால் கேள்வி வரும்.

17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எதில் உங்களுக்கு 18 நிறைந்திருக்கிறதோ அதன்படி சேர்ப்பார்கள். பிழை திருத்தவும் வீடு மாறவும் படிவம் 8. பதிவு அலுவலர் மறுத்தால் 15 நாளைக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் 30 நாளைக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் தொகுதி எண் 188, மேலூர்.