ஆவணங்களுக்கு உறையிடுதல்: தக்கவையும் தகாதவையும்

நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் காகிதத்திற்குப் பகை பல. சாயத்தொட்டியின் ஈரம், கஞ்சிப் பசை, மழைக்காலத்துப் பூஞ்சை, கரையான், இராமபாணப் பூச்சி ஆகிய யாவும் அதனை அழிப்பன. ஆதலின் முக்கியமான காகிதம் எதுவாயினும் அதனை உடனே லேமினேட் செய்துவிடுதல் நலம் என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதி மெய், பாதி பிழை. எக்காகிதத்தை உறையிடலாம், எதனை உறையிடலாகாது, உறையிடும் முறை யாது என்னும் மூன்றையும் ஈண்டுக் காண்போம்.

உறையின் இயல்பு

லேமினேட் உறை என்பது ஒரு விளிம்பில் மட்டும் இணைக்கப்பட்ட இரண்டு மெல்லிய தகடுகளாகும். ஒவ்வொரு தகட்டின் வெளிப்புறமும் பாலியெஸ்டர். உட்புறம் வெப்பத்தில் இளகும் பசை. பொறியின் சூடேறிய உருளைகள் அழுத்தும்போது பசை உருகிக் காகிதத்தைப் பற்றி, ஆறியபின் இறுகுகிறது. நூலில் ஏறிய சாயத்தைப் பிரித்தெடுத்தல் எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது காகிதத்தில் ஏறிய இப்பசையைப் பிரித்தல். இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

புதுதில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950-களிலேயே, நைந்த ஏடுகளைச் செல்லுலோஸ் அசிட்டேட் தகட்டுடனும் மெல்லிய தாளுடனும் சேர்த்து, அசிட்டோன் என்னும் திரவத்தால் கையாலேயே ஒட்டும் முறை கையாளப்பட்டது. அம்முறைக்குப் பொறியும் வேண்டா, சூடும் வேண்டா. வேண்டும்போது அதே திரவத்தால் தகட்டை நீக்கிவிடவும் கூடும். கடைகளில் செய்யும் சூட்டு உறைக்கு அவ்வசதி இல்லை.

உறையிடலாகாதவை

முதலாவது, மூலப் பத்திரங்கள். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், உயில், முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் ஆகியவற்றின் காகிதம், மை, முத்திரை, கையொப்பம் ஆகியன மெய்யானவையா என்று பின்னாளில் ஆராய நேரலாம். பிளாஸ்டிக் தகடு அவ்வாராய்ச்சிக்குத் தடையாகும்.

இரண்டாவது, மேலும் எழுதப்பட வேண்டியவை. பங்குச் சான்று, கணக்குப் புத்தகம், மேலொப்பம் பெறவேண்டிய படிவம் முதலியவற்றை உறையிட்டால், பின்னர் ஒரு வரியும் சேர்க்க இயலாது.

மூன்றாவது, சூட்டினால் அச்சாகும் தாள்கள். மின்னணுத் தராசின் எடைச்சீட்டு, பணம் வழங்கும் இயந்திரத்தின் சீட்டு போன்றவற்றுள் பல இவ்வகையின. இவை பொறியினுள் சென்றால் முழுதும் கறுத்துவிடும். கொள்முதலுக்கு விளைச்சல் கொடுத்த உழவருக்கு எடைச்சீட்டே சான்று. அது கறுத்தால் சான்றும் போயிற்று. ஓரத்தை நகத்தால் அழுந்தக் கீறிப் பார்த்தால், கறுங்கோடு விழும் தாள் இவ்வகை என்று அறியலாம். அதனை வாங்கிய அன்றே நகல் எடுத்து, நகலை உறையிடுக.

உறையிடத்தக்கவை

சாயச்சாலையில் தொங்கும் சாயக் கலவைக் குறிப்பு, தறிக்கூடத்தில் வைக்கும் டிசைன் படம், கூலி விவரப் பட்டியல், பூச்சிமருந்துக் கொட்டிலில் ஒட்டும் எச்சரிக்கை, பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றிற்கு உறை மிகவும் ஏற்றது. ஆதாரைப் பொறுத்தவரை, சாதாரணத் தாளில் எடுத்த அச்சும் செல்லும் என்று ஆதார் ஆணையம் 2018-இல் அறிவித்தது. ஆகவே அதனை உறையிடுதல் வசதிக்கேயன்றிக் கட்டாயமன்று.

செய்முறை

1. காகிதம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரம் இருப்பின் குமிழ் எழும். குண்டூசி, ஸ்டேப்ளர் ஊசி யாவற்றையும் நீக்குக. அவை உருளையைக் கீறும்.

2. உறை நான்கு பக்கமும் காகிதத்தைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பெரிதாக இருத்தல் வேண்டும். சுவரில் தொங்குவதற்கு 80 மைக்ரான் போதும். நாள்தோறும் கைபடுவதற்கு 125 மைக்ரான் தகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

3. பொறியை உறையின் கனத்திற்கேற்ற அளவில் வைத்து, ஆயத்த விளக்கு எரியும்வரை காத்திருக்க. முதலில் ஒரு வேண்டாத தாளை உறையிட்டுச் சோதிக்க.

4. உறையின் ஒட்டிய விளிம்பு முன்னே செல்லுமாறு நேராகச் செலுத்துக. திறந்த விளிம்பு முன்சென்றால் தகடு உருளையில் சுற்றிக்கொள்ளும். வெற்று உறையைச் செலுத்தலாகாது. உறையை முன்னதாகவே வெட்டிச் சிறிதாக்கலும் ஆகாது. பசை கசிந்து உருளையில் படியும்.

5. வெளிவரும்போது இழுக்காமல், சமதளத்தில் வைத்துச் சற்றுக் கனமான புத்தகத்தின் கீழ் ஆறவிடுக. மங்கலாகத் தெரிந்தால் சூடு போதவில்லை; மீண்டும் ஒருமுறை செலுத்துக. அலையலையாக நெளிந்தால் சூடு மிகுதி, அடுத்ததற்குக் குறைக்க.

6. தொங்கவிடத் துளையிடுவதாயின், காகிதத்தில் அன்றி உறையின் ஓரத்திலேயே இடுக; இதற்கெனச் சற்றே பெரிய உறையைக் கொள்க. காகிதத்தில் துளை விழுந்தால் அதன் வழியே சாயநீர் உட்புகும்.

மூலப் பத்திரங்களுக்கு வழி யாது?

ஒட்டாத பாலியெஸ்டர் உறையில் இட்டு, உலர்ந்த பெட்டியில் வைத்தல் போதுமானது. பி.வி.சி. உறைகளைத் தவிர்க்க, அவை நாளடைவில் காகிதத்திற்குத் தீங்கு செய்வன. பதிவான பத்திரத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்று வேறோரிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிற்கு வீடு பொறி வாங்க வேண்டுவதில்லை. சங்கத்திற்கு ஒன்று இருந்து, பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் குறைந்த கட்டணத்தில் செய்து தருவாராயின் அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும். மூலப் பத்திரத்துடன் வருபவரிடம், “இதனை உறையிட வேண்டா; நகல் எடுத்து வாருங்கள்” என்று அவ்வூழியர் சொல்லத் தெரிந்திருத்தல், பொறியை இயக்கத் தெரிந்திருப்பதினும் முக்கியமாகும்.